இடது பக்கத் தடி

ஷ்லீரன்
11.02.2024

அன்புத் தம்பி ராசாவுக்கு,

அக்கா தில்லைநாயகி எழுதுகிறேன். நானும் மகன் பானுஜனும் சுகம். என் முழங்கால் மட்டும் இந்தக் குளிரோடு தனியாக வழக்காடிக்கொண்டிருக்கிறது. இன்டர்லாக்கனில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். உன் சளி விட்டுவிட்டதா?

உன் கார் வந்து சேர்ந்தது. உன் கூட்டாளி சிவலிங்கம்தான் கொண்டுவந்து கட்டடத்துக்குக் கீழே விட்டார். பிள்ளை மாதிரி வைத்திருந்த காரை ஏன் திடீரென்று அக்காவுக்குத் தூக்கிக் கொடுக்கிறான் என்று கேட்டேன். "அவர் இனி ரயிலிலதானாம் போவார்" என்றுவிட்டுத் தேநீரும் குடிக்காமல் ஓடிவிட்டார். எனக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. ஆனாலும் எனக்குத் தேவையான நேரத்தில் தந்திருக்கிறாய், அதனால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஏனென்றால் நான் கார் ஓடியே ஆகவேண்டும். வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற என் வேலையை இனி மேட்டுப்பக்கக் கிராமங்களுக்கும் விரிக்கிறார்கள். நவம்பரில் இருந்து கார் ஓடுகிறவர்களுக்குத்தான் முழு வேலை, மற்றவர்களுக்குக் கிழமையில் இரண்டு காலை மட்டும் என்று பொறுப்பாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இரண்டு காலை வேலையோடு நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. பானுஜனோடு போய் ஒட்டிக்கொள்ளவும் மாட்டேன். அவன் சிரிக்கிறான். "அம்மா, உங்களுக்கு ட்ராமில நிண்டுகொண்டு போகவே பயம்!" அவன் அப்பா இருந்த காலத்தில் என்னை ஸ்டியரிங்கைத் தொடவும் விட்டதில்லை. ஐம்பத்துமூன்று வயதில் தொடப்போகிறேன்.

போன் எடுத்தால் நீ எடுக்கிறாயில்லை. குரல் பதிவு அனுப்பினால், "காரைப் பற்றியது கடுதாசியில இருக்க வேணும், டாஷ்போர்ட் பெட்டியில வைக்கலாம், கடிதம் போடுங்கோ" என்று தட்டி அனுப்புகிறாய். எனக்குத் தமிழ் தட்ட வராது, எழுத வரும். நீயும் எழுது. பொனட்டில் இருந்து டிக்கி வரைக்கும், ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போல எழுது. உண்மையாகவே ஒன்றும் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


இன்டர்லாக்கன்
25.02.2024

அன்பின் அக்கா,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கிளச் மிதிக்கப் போவது அந்தக் கால்தான்.

கார் செடான் வகை. எஞ்சினுக்கு ஒரு பெட்டி, ஆட்களுக்கு ஒரு பெட்டி, சாமானுக்கு ஒரு பெட்டி. நீளம் நாலே முக்கால் மீற்றர். உங்கள் தரிப்பிடத்தில் மூக்கோ வாலோ கொஞ்சம் வெளியே நிற்கும், வெட்கப்பட வேண்டாம். பின் இருக்கையில் மூன்று பேர் முழங்கால் முட்டாமல் இருக்கலாம். டிக்கிக்குள் கோயில் அன்னதானக் கிடாரமே போகும், நானே ஏற்றியிருக்கிறேன்.

எஞ்சின் பெற்றோல். நாலு சிலிண்டர், ஆயிரத்து எண்ணூறு சிசி, நூற்று நாற்பது குதிரை வலு. ஆனால் அந்தக் குதிரைகள் எல்லாம் மேல் சுற்றில்தான் எழும்பும். டீசல் மாதிரி அடியிலேயே இழுக்காது. ஏற்றத்தில் சோர்ந்தால் பயப்படாமல் ஒரு கியரை இறக்குங்கள், எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் மூவாயிரத்தைத் தாண்டட்டும். அதற்கு ஒன்றும் நோகாது. உள்ளே ஓடுவது பெல்ட் இல்லை, சங்கிலி. ஒயிலை ஒழுங்காக மாற்றினால் அது உங்களை ஏமாற்றாது. நூறு கிலோமீற்றருக்கு ஏழு லீற்றர் குடிக்கும், உங்களுக்கு முதலில் ஒன்பது குடிக்கும்.

இழுப்பது முன் சில்லுகள். பாரம் முன்னுக்கு இருப்பதால் பனியில் முன்பக்கம் பிடிக்கும், வளைவில் வேகமாகப் போனால் மூக்கு நேராக ஓடப் பார்க்கும். வளைவுக்குள் பிறேக் போடாதீர்கள், முதலே போடுங்கள். கியர் ஆறு. ஆறாவது பெருந்தெருவுக்கு மட்டும். ரிவேர்சுக்குக் கியர்த் தடியின் கழுத்தில் உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். கியர் எப்போது மாற்றுவது என்று முள்ளைப் பாருங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறில் மாற்றுங்கள்.

ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஒரு சின்னத் தடி இருக்கிறது. மேலே தட்டினால் வலது சிக்னல், கீழே தட்டினால் இடது. உங்கள் பக்கமாக இழுத்துவிட்டால் பெரிய லைற் ஒருதரம் வெட்டும். எதிரே வருகிறவருக்கு "போங்கோ" என்று சொல்ல அது போதும். ஹோர்னை விட அதுதான் மரியாதை.

பானுஜனுக்கு என் அன்பு. விடாதீர்கள், அக்கா.
ராசா


ஷ்லீரன்
24.03.2024

தம்பி ராசா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் எழும்பி நடமாடுகிறேன், அது போதும்.

எழுத்துப் பரீட்சையில் முதல் தரம் கோட்டை விட்டேன். கேள்வி எல்லாம் டொச் மொழியில், ஒரு கேள்விக்கு இரண்டு பதிலும் சரியாக இருக்குமாம். இதை முதலே யாராவது சொல்லியிருக்கலாம். இரண்டாம் தரம் கேள்விகளை ராகம் போட்டுப் பாடமாக்கிக்கொண்டு போனேன். பாஸ். நீல நிற எல் பலகை வாங்கி ஒட்டியாயிற்று.

போன ஞாயிறு காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் பூசை செய்து நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். முதல் உருட்டு நான்தான் உருட்டுவேன் என்று அடம்பிடித்து ஏறினேன். பக்கத்தில் பானுஜன். கிளச்சை விட்டேன், கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது, பிறகு மெதுவாகப் பின்னுக்கு உருண்டது. பழம் நாலும் முழுசாக இருந்தன. ஐயரின் செருப்பில் ஒன்றுதான் நசிந்தது. சனம் சிரித்த சிரிப்பு கோபுரத்தைத் தாண்டியிருக்கும். நானும் சிரித்தேன், பிறகு வீட்டுக்கு வந்து குளியலறையில் கொஞ்சம் அழுதேன். அடுத்த நாள் திரும்ப ஏறினேன்.

ஒரு சந்தேகம். கிளச்சை மிதிக்கும்போது எங்கோ கீச்சென்று ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. போனில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல். நீ ஒரு நொடி கேட்டாலே போதுமே.

அக்கா


இன்டர்லாக்கன்
05.05.2024

அன்பின் அக்கா,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். ஈஸ்டரோடு எங்கள் ஹோட்டல் நிரம்பி, வேலை கூடிவிட்டது. உடம்பு பரவாயில்லை. நீங்களும் பானுஜனும் நலமாக இருக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சை பாஸ் என்றது பெரிய சந்தோசம். ஐயருக்கு நல்ல செருப்பாக வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் அனுப்பிய பதிவில் ஒன்றும் தெளிவில்லை. இப்படிச் செய்யுங்கள். காரை நிற்பாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிளச்சின் மேல் வெறும் பாதத்தை வையுங்கள். மெதுவாக மிதிக்கும்போது பாதத்தில் ஒரு நடுக்கம் ஏறுகிறதா? ஏறினால் கிளச்சைத் தள்ளுகிற பேரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்றக் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும். இறக்குகிற செலவு ஒன்றுதான், ஆகவே கிளச் தட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கார் குலுங்கி நிற்பதற்கும் மருந்து அந்தப் பாதத்தில்தான் இருக்கிறது. கிளச்சை விட்டுக்கொண்டு வரும்போது ஒரு இடத்தில் உங்கள் சீற்றுக்கு அடியில் கார் இலேசாகத் துடிக்கும், பொனட் ஒரு விரல் உயரம் எழும்பும். அதுதான் பிடிக்கிற இடம். அங்கே காலை நிறுத்தி மூச்சு ஒன்று விட்டுவிட்டுப் பிறகு பெற்றோலைக் கொடுங்கள். காதால் தேடாதீர்கள். உடம்பால் தேடுங்கள்.

அன்புடன்
ராசா


ஷ்லீரன்
20.05.2024

தம்பி,

உன் உடம்பைப் பற்றி நீ எழுதுவதை இனி நம்பமாட்டேன், ஆகவே சுகம் விசாரிக்கவில்லை.

நடுக்கம் ஏறியது. கராஜில் இறக்கிப் பார்த்தார்கள், நீ சொன்னபடியே பேரிங்தான். மாற்றியாயிற்று. பிடிக்கிற இடமும் பிடிபட்டுவிட்டது. இப்போது மேட்டில் நின்று எடுக்கிறேன், பின்னுக்குப் போவதில்லை. அதற்கெல்லாம் நன்றி.

ஆனால் ராசா, நான் அனுப்பிய பதிவை நீ திறக்கவே இல்லை. கேட்டிருந்தால் பதிவின் பக்கத்தில் இருக்கிற மைக் அடையாளம் நீலமாகும் என்று பானுஜன் காட்டினான். பிறகு பார்த்தால் ஒரு வருடமாக நான் அனுப்பிய ஒன்றுமே நீலமாகவில்லை. எங்கள் சமையலறையில் தோசை தின்றுகொண்டிருந்த நீ, கீழே வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குத் தண்ணீர்ப் பம்ப் போகப்போகிறது என்று நாலாம் மாடியில் இருந்தே சத்தத்தை வைத்துச் சொன்னவன். அடுத்த கிழமை அந்தக் கார் நடுரோட்டில் புகைவிட்டு நின்றது. அப்படிப்பட்டவன் என்னைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்கிறாய்.

சிவலிங்கம் இன்னொன்றும் சொன்னார். நீ ஹோட்டல் சாமான் வான் ஓட்டுவதை விட்டுவிட்டாயாம். சட்டி கழுவுகிறாயாம். ஏன்?

அக்கா


இன்டர்லாக்கன்
02.06.2024

அன்பின் அக்கா,

நலம்.

முதுகு வலி. அதனால்தான் வானை விட்டேன். வேறு ஒன்றும் இல்லை. சிவலிங்கத்துக்கு வாய் நீளம்.

பேரிங் மாற்றியது நல்லது. மழையில் ஓடிப் பழகுங்கள்.

ராசா


ஷ்லீரன்
23.06.2024

அன்புத் தம்பி ராசா,

வெயில் வந்துவிட்டது, என் முழங்கால் சமாதானமாகிவிட்டது. உன் முதுகும் அப்படியே ஆகட்டும்.

வீதி ஒழுங்கு வகுப்புக்குப் போய்வந்தேன். படிப்பிக்கிறவர் வைபெல் என்ற மனுசன். எல்லாரும் என் மகன் வயசுப் பிள்ளைகள், நான் ஒருத்திதான் வாசிக்கிற கண்ணாடியோடு. அதில் நோரா என்று ஒரு பெண்பிள்ளை. பிறவியில் இருந்தே காது கேளாது. பக்கத்தில் ஒரு பெண் இருந்து வைபெல் சொல்வதை எல்லாம் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வகுப்பைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்தேன். இடைவேளையில் வைபெல்லைத் தனியாகப் பிடித்து, இந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே லைசென்ஸ் கொடுப்பார்களா என்று கேட்டேன். அந்த மனுசனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. கொடுக்காமல் என்ன, சாதாரணக் கார் ஓடக் காது ஒரு தடை இல்லை, கண்தான் முக்கியம் என்றார்.

ராசா, நம் ஆட்கள் கோயில் மண்டபத்தில் கூடிநின்று கதைப்பது வேறு கதை. காதில் குறை என்று டொக்டர் எழுதினால் லைசென்ஸைப் பறிப்பார்கள், அதோடு வேலை போகும், வேலை போனால் இந்த நாட்டில் இருக்கிற அனுமதியிலும் கை வைப்பார்கள் என்று. நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். அகதி விசாரணைக்குப் போன அன்று, நோய்க்காரி என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இருமலை அடக்கிக்கொண்டு இருந்தவள் நான். என் பக்கத்தில் நீயும் அடக்கிக்கொண்டு இருந்தாய். இப்போது நம் இருவர் கையிலும் இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போர்ட் இருக்கிறது. இன்னும் இருமலை அடக்குகிறோம்.

நோராவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொன்னேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

என்றும் உன் அக்கா


ஷ்லீரன்
18.08.2024

தம்பி ராசா,

எட்டுக் கிழமையாக உன் எழுத்தைக் காணவில்லை. நீ உயிரோடு நடமாடுகிறாய் என்று சிவலிங்கத்திடம் கேட்டு அறிந்துகொண்டேன். கோபமென்றால் இரு. நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

ஓட்டப் பரீட்சையில் தவறிவிட்டேன். கியரும் மேடும் தரிப்பும் எல்லாம் சரி. பரீட்சைக்காரர் டொச்சில் என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததில், வலது பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஒரு சைக்கிள்காரர் வந்துகொண்டிருந்தார். பரீட்சைக்காரர்தான் கைப் பிறேக்கை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அன்று முழுவதும் நான் சாவியைத் தொடவில்லை.

பானுஜன் சொல்கிறான், "அம்மா, போதும். காரை வித்துப்போடுவம்." என் முகத்தைப் பார்த்தவன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செப்டம்பர் நடுவில் திரும்பப் பரீட்சை. அதிலும் தவறினால் நவம்பருக்கு முன் இன்னொரு நாள் கிடைக்காது, வேலை போனதுதான். எனக்குக் கண்ணாடியைப் பற்றி எழுது. உனக்கு என்மேல் கோபம் இருந்தாலும் காரின்மேல் இருக்காது.

அக்கா


இன்டர்லாக்கன்
01.09.2024

அன்பின் அக்கா,

கோபம் இல்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும், சாவியைத் திரும்பக் கையில் எடுத்திருக்க வேண்டும். நோராவைப் பற்றி எழுதியதை வாசித்தேன்.

கண்ணாடி மூன்று. ஆனால் கண்ணாடி மட்டும் போதாது, அக்கா. நடுக் கண்ணாடி, திரும்பும் பக்கக் கண்ணாடி, பிறகு தோளுக்கு மேலால் ஒரு பார்வை. இந்தக் காரின் பின்தூண் தடிப்பு, ஒரு சைக்கிளை முழுசாக மறைக்கும். அதனால் தோளைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. இதைக் கை கழுவுகிற மாதிரிப் பழக்கமாக்குங்கள்.

இன்னொன்று. ஆம்புலன்ஸ் வருகிறதென்றால் முன்னால் போகிற கார்கள் ஓரமாக ஒதுங்கும், பிறேக் லைற் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவக்கும். நடைபாதையில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் தலையைத் திருப்புவார்கள். யாராவது ஹோர்ன் அடித்தால் எதிரே வருகிறவரின் முகம் சுருங்கும். வளைவுக்கு அப்பால் பஸ் வருகிறதா என்று பாறையில் விழுகிற வெளிச்சம் சொல்லும். நான் இதையெல்லாம் பிந்தித்தான் பழகினேன், நடந்துபோகும்போது. பரீட்சைக்காரர் சொல்வது விளங்காவிட்டால் கையால் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை என்று உங்களுக்கு எழுதுகிறேன், எனக்கும்தான்.

பாஸ் பண்ணுங்கள்.
ராசா


ஷ்லீரன்
22.09.2024

என் அருமைத் தம்பிக்கு,

எனக்கு ஒரு நோயும் இல்லை, இன்றைக்கு இந்த நாட்டிலேயே சுகமான மனுசி நான்தான்.

பாஸ்! ஏறி இருந்ததுமே பரீட்சைக்காரரிடம் சொன்னேன், என் டொச் மெதுவானது, திரும்புவதைக் கையாலும் காட்டுங்கள் என்று. அவர் மறுபேச்சில்லாமல் காட்டினார். முப்பது வருடம் இதைக் கேட்க வெட்கப்பட்டிருக்கிறேன், பார். ஒவ்வொரு திருப்பத்திலும் தோளைத் திருப்பினேன். கழுத்து இப்போதும் நோகிறது. வேலையிடத்தில் போய் லைசென்ஸை மேசையில் வைத்தேன். நவம்பரில் இருந்து மேட்டுக் கிராமங்கள் மூன்றும் எனக்கு.

பானுஜன் எல் பலகையைக் கழற்றிவிட்டு, "மாமாவுக்கு முதல்ல காட்டுங்கோ அம்மா" என்றான். அதனால் அடுத்த மாதம் ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வருகிறேன். தனியாக. லுசேர்ண் தாண்டி, ப்ரூனிக் கணவாய் ஏறி. வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் வருவேன்.

உன் கட்டடத்துக்குக் கீழே காரை விடலாம் என்று தெரியும். பிறகு நான் என்ன செய்ய வேண்டும், ராசா? பெல்லை அடிக்கவா, போன் எடுக்கவா? நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி. ஆனால் நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


இன்டர்லாக்கன்
29.09.2024

அன்பின் அக்கா,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் எல்லாருக்கும் காட்டினேன். பெருமையாக இருக்கிறது. எனக்கு உடம்பு எப்படி என்று இந்தத் தடவை ஒழுங்காக எழுதுகிறேன். முதுகு நன்றாக இருக்கிறது. அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

பெல்லை அடிக்காதீர்கள் அக்கா. போனும் எடுக்காதீர்கள். எனக்குக் கேட்காது. இடது காது முழுதாகப் போய்விட்டது, வலதில் சத்தம் இருக்கிறது, சொல் இல்லை. போன வருடம் மலை வளைவில் மஞ்சள் பஸ் ஹோர்ன் அடித்திருக்கிறது, நான் போய்க்கொண்டே இருந்தேன். சாரதி நிறுத்தியதால் தப்பினோம். அன்றே வான் சாவியைக் கொடுத்துவிட்டு முதுகு என்று சொல்லிவிட்டேன். டொக்டரிடம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் குரலைத் திறந்து, போனைக் காதில் வைத்து, ஒன்றும் வராமல் இருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அதனால்தான் நீலமாகவில்லை.

முதலாளியிடம் புதன்கிழமை சொல்லிவிட்டேன். அவர் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றுதான் எழுதிக் காட்டினார். திங்கட்கிழமை ஏழாம் திகதி லுசேர்ணில் காது டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறேன். நீங்கள் உள்ளே கூட வர வேண்டும்.

ப்ரூனிக் ஏற்றத்தில் மூன்றாவது கியர், கூரான வளைவுக்கு இரண்டாவது. இறக்கத்திலும் அதே கியர்கள், பிறேக்கைச் சூடாக்காதீர்கள். இங்கே வந்ததும் காரின் மூக்கை என் சன்னல் பக்கம் வைத்து நிறுத்துங்கள், இரண்டாம் மாடி. இடது பக்கத் தடியை உங்கள் பக்கமாக இரண்டு தரம் இழுங்கள். நான் திரைச்சீலையை விலக்கி வைத்துக்கொண்டு நிற்பேன்.

திங்கட்கிழமை காலையில் நீங்கள் பக்கத்துச் சீற்றில் இருங்கள். லுசேர்ண் வரைக்கும் நான் ஓடுகிறேன்.

உங்கள் தம்பி
ராசா